ஒண்ணும் வைக்காம ஒரு ரீடிங்

மீட்டர் முள் அசஞ்சது. அதை என் கண்ணால பாத்தேன். பாக்கலன்னு சொன்னா பொய்யி, பாத்தேன்னு சொன்னா அதுக்கு அர்த்தம் வேற ஆயிரும், ரெண்டும் சொல்லாம இப்படி வேற ஊர்ல வேற காலேஜ்ல, கடகடன்னு ஃபேன் சத்தம் போடுத ஒரு பிசிக்ஸ் லேப்ல, எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர்னு எனக்குன்னு போட்ட குஷன் வச்ச நாற்காலில உக்காந்து பிள்ளைங்க பிராக்டிகல் பரீட்சை செய்யுததைப் பாத்துக்கிட்டு இருக்கேன். பாக்கேனா என்ன, கண்ணு அங்க இருக்கு, அவ்வளவுதான். நெனப்பு பூரா காலுக்குப் பக்கத்துல இருக்க கட்டப்பைக்குள்ள கெடக்கு. அதுல டிபன் பாக்ஸு, குடை, அதுக்கு அடியில ஒரு துண்டுல சுத்தி அந்தப் பெட்டி. செருப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். வெள்ளை பிளாஸ்டிக், மேல ரெண்டு செம்புத் தகடு, ஓரத்துல ஒரு நீல விளக்கு. என் தங்கச்சி ஆவுடை போன வாரம் அதைக் கொண்டாந்து எங்க வீட்டு டைனிங் டேபிள்ல வச்சா. "நீதான பிசிக்ஸு. இந்த அலை நெசமா பொய்யான்னு ஒரு வார்த்தை சொல்லு. உங்க பிசிக்ஸ் ஒத்துக்கிட்டா நான் கரண்டு வைக்கப் போகல, இந்த வைத்தியத்துலயே படுத்துக்கிடுதேன். ஒத்துக்கலன்னா போய் கரண்டு வச்சுக்கிடுதேன். எனக்கு என்னத்தத் தெரியும், நீ சொல்லு" ன்னா. கரண்டு வைக்கதுன்னா ரேடியேஷன், எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவாங்க. மார்புல கட்டி. ஆபரேஷன் ஆச்சு, மருந்து ஏத்தியாச்சு, தலைமுடி கொட்டி இப்பத்தான் பூனை முடி மாதிரி மொளைக்கு. இனி கரண்டு வச்சா வைத்தியம் முடிஞ்சுது. அவளுக்கு கரண்டுன்னா பயம். இன்னைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரில மார்க் போடக் கூப்பிட்டிருக்காங்க, எந்த இடத்துல கதிர் படணும்னு தோல்ல மை வச்சு அடையாளம் போடுவாங்க. உள்ள போறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணுவா. நான் சொல்லணும். ஒரு வாரமா சொல்லல.

பிசிக்ஸ் ஒத்துக்குதான்னு கேக்கா. பிசிக்ஸ்னா யாரு? பொண்ணு பாக்க வந்த வீட்டுக்காரங்களா, உள்ள போயி கூடிப் பேசிட்டு வந்து எங்களுக்குச் சம்மதம்னு சொல்ல? இத்தனை வருஷ சர்வீஸ்ல யாரும் எங்கிட்ட வந்து, மேடம், பிசிக்ஸ் இன்னதை ஒத்துக்கிட்டது, ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடுங்கன்னு நீட்டுனதில்ல. புஸ்தகத்துல இருக்கும், நடத்துவேன். புஸ்தகத்துல இல்லாததைப் பத்தி எனக்கென்ன கவலை, பிள்ளைங்க கேட்டா சிலபஸ்ல இல்லம்மா உக்காருன்னு சொல்லுவேன். இவளை அப்படி உக்காருன்னு சொல்ல முடியுமா. அவ தையக்கடைக்கு ஜாக்கெட் தைக்க வார ஒரு அம்மா சொல்லித்தான் இந்தப் பெட்டியை வச்சு வைத்தியம் பாக்குத இடத்துக்குப் போனா. நானும் ஒருநாள் கூடப் போனேன். மாடில ஏசி ஹாலு, வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தர், திரையில படம் ஓட்டிப் பேசுதாரு. நல்ல குரலு. சாதாரண மின்காந்த அலை பக்கவாட்டுலதான் ஆடும், எங்க அலை முன்னும் பின்னுமா ஆடும், இதுக்குப் பேரு ஸ்கேலார் அலை, இதை எந்தச் சுவரும் தடுக்காது, எந்த உலோகமும் தடுக்காது, எவ்வளவு தூரம் போனாலும் குறையாது, செல்லுக்குள்ள போயி அதுக்கு மறந்துபோனதை ஞாபகப்படுத்தும்னாரு. அப்புறம் குரலைத் தாழ்த்தி ஒண்ணு சொன்னாரு. மின்காந்தத்துக்கு மொதல்ல சமன்பாடு எழுதுனப்ப இந்த அலையும் அதுக்குள்ள இருந்துதாம், பின்னால வந்தவங்க கணக்கு கஷ்டமா இருக்குன்னு வெட்டிட்டாங்களாம், வெட்டி மிச்சம் இருக்கதைத்தான் காலேஜ்ல நடத்துதாங்களாம். அதைக் கேட்டதும் ஆவுடை திரும்பி என்னையப் பாத்தா. வெட்டி மிச்சம் இருக்கதை நடத்துதது நான்தான. நான் கைப்பையில ஏதோ தேடுத மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

அப்பவே எந்திச்சு கேட்டிருக்கலாம். எனக்கு வாய் நீளம்னு எங்க குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும், கல்யாண வீட்டுல சாம்பார்ல உப்பில்லன்னா சமையல்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிட்டுத்தான் கை கழுவுவேன். வெறும் வெளியில ஒளி பக்கவாட்டுலதான் ஆடும், முன்னும் பின்னும் ஆடுதது சத்தம், இது என்னைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ரெண்டு போலராய்டு கண்ணாடியை ஒண்ணுக்கொண்ணு குறுக்க வச்சா வெளிச்சம் அடைபடுது, பக்கவாட்டுல ஆடுததனாலதான் அடைபடுது, முன்னும் பின்னும் ஆடுனா எதுக்கு அடைபடப் போகுது. ஸ்கேலார்ங்கிறதே வேற ஒண்ணும் இல்ல, திசை இல்லாத அளவு. காய்ச்சல் நூத்தி ரெண்டுன்னா எந்தப் பக்கம் நூத்தி ரெண்டுன்னு யாரும் கேக்கதில்ல. வெட்டுனதா சொன்ன சமன்பாட்டையும் உக்காந்து போட்டுப் பாத்தேன், சுருக்கித்தான் எழுதியிருக்காங்க, ஒண்ணும் காணாமப் போகல, போட்டா அதே விடைதான் வருது. ஆனா பாரு, இந்த ஆனாலதான் எனக்குக் கால் இடறுது. ஏரியலுக்கு ரொம்பப் பக்கத்துல போனா முன்னும் பின்னுமான ஆட்டமும் கொஞ்சம் இருக்கு. உலோகக் குழாய்க்குள்ள அலையை விட்டா அங்கயும் இருக்கு. பிளாஸ்மாலயும் இருக்கு. அதெல்லாம் பிசிக்ஸ் ஒத்துக்கிட்டதுதான், புஸ்தகத்துலயே இருக்கு. அப்ப முன்னும் பின்னும் ஆடவே ஆடாதுன்னு ஒரே அடியா சொல்ல முடியாதுல்லா. அதுக்காக அது சுவரு பூந்து வந்து ஆவுடை செல்லுக்குள்ள கதை சொல்லும்னு அர்த்தமா? இல்ல. இல்லன்னுதான் நெனைக்கேன். நெட்ல தேடுனேன். பேசுதவங்க எல்லாம் அவங்களே போட்ட வீடியோல பேசுதாங்க. வேற லேப்ல வேற ஆளு செஞ்சு பாத்து ஆமா இருக்குன்னு சொன்னதா ஒண்ணும் எனக்குக் கிடைக்கல. பெரிய பெரிய பிசிக்ஸ்காரங்க முக்காவாசிப் பேரு இதை மறுத்துக்கூட எழுதல, கண்டுக்கவே இல்ல. கண்டுக்காதது மறுப்பா, இல்ல பாக்காம விட்டதா? புதுசா சொன்ன எல்லாத்துக்கும் மொதல்ல சிரிக்கத்தான் செஞ்சாங்க, அப்புறம் ஒத்துக்கிட்டாங்கன்னு அந்த வெள்ளைக் கோட்டு சொன்னாரே. சிரிச்சு, கடைசி வரைக்கும் சிரிப்பாவே போன விஷயங்க எத்தனையோ, அதை எந்தப் படத்துலயும் ஓட்ட மாட்டாங்க. "மேடம், வடை ஆறுது" ங்காரு ஞானதுரை சார். இந்தக் காலேஜ் ஆளு, இன்டெர்னல் எக்ஸாமினர், வெளிய இருந்து வந்தவளை நல்லாக் கவனிச்சாத்தான் மார்க்குல கை தாராளமா இருக்கும்னு அவருக்கு ஒரு நம்பிக்கை. "நம்ம பிள்ளைங்க எல்லாம் சுத்துப்பட்டு கிராமம் மேடம், கொஞ்சம் பாத்துப் போட்டு விடுங்க." பாக்கலாம் சார்னேன். அவரு தட்டை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகத்துனாரு.

வடையைப் பிச்சு வாயில போட்டேன், என்ன வடைன்னே தெரியல. சனிக்கிழமை எங்க காலேஜ் லேப்பை நானே திறந்தேன். யாரும் இல்ல. எனக்கு அது நல்லதாப் போச்சு, பிரமநாயகி மேடம் ஒரு பிளாஸ்டிக் பெட்டியை வச்சுக்கிட்டு என்ன பண்ணுதாங்கன்னு யாராவது கேட்டா என்னத்தச் சொல்ல. டேபிள் மேல ஒரு கம்பிச்சுருளை வச்சேன், அதை மீட்டர்ல கோத்தேன். அலைன்னு ஒண்ணு வந்தா சுருள்ல கொஞ்சமாவது கரண்டு ஓடணும், முள் அசையணும், பிளஸ் டூ பாடம் இது. பெட்டியை பிளக்ல சொருகி, சுருளுக்குப் பக்கத்துல வச்சு, சுவிட்சைப் போட்டு, நீல விளக்கு எரியுதான்னு பாத்துட்டு மீட்டரைப் பாத்தா முள்ளு ஏறி நிக்கி. லேசா நடுங்கிக்கிட்டு நிக்கி. எனக்குத் திக்குன்னு ஆயிட்டு. சரி, ஏதாவது சாதாரண அலையா இருக்கும்னு ஒரு அலுமினியத் தகட்டைத் தேடி எடுத்து நடுவுல வச்சேன். முள் எறங்கல. எந்த உலோகமும் தடுக்காது. பெட்டியைத் தூக்கி டேபிளோட அடுத்த முனையில கொண்டுபோய் வச்சேன். அப்பவும் முள் எறங்கல, அப்படியே நிக்கி. எவ்வளவு தூரம் போனாலும் குறையாது. அந்த ஆளோட குரலு காதுக்குள்ள கேக்கு. நான் என்ன செஞ்சேன்? என்ன செஞ்சிருக்கணுமோ அதைச் செய்யல. பெட்டியைத் துண்டுல சுத்தி, லேப்பைப் பூட்டி, வீட்டுக்கு வந்து புளிக்குழம்பு வச்சேன். குழம்புல உப்பே போடல, வீட்டுல அவங்களே உப்பைப் போட்டுச் சாப்பிட்டுட்டு எந்திச்சுப் போனாங்க. அந்தத் தகடு மெல்லிசு, அது தாழ்ந்த ஃப்ரீக்வென்சியை எல்லாம் விட்டுரும், அது எனக்கே தெரியும், தெரிஞ்சும் அன்னைக்கு ஞாபகம் வரல, மறுநாள் கோலம் போடும்போது வந்துது. அப்ப தகடு சாட்சி இல்லன்னு ஆச்சு. ஆனா தூரம்? தூரத்துல வச்சும் ஏன் முள் எறங்கல? எதோ ஒண்ணு எடுத்து வைக்காம விட்டுட்ட மாதிரியே இருக்கு, ஊருக்குப் போக பஸ் ஏறுனப்புறம் கேஸை மூடுனமான்னு தோணுமே, அப்படி. எதுன்னு பிடிபட மாட்டேங்கு.

பிடிபடாததுக்கும் ஒரு காரணம் இருக்குன்னு தோணுது, அதைத் தொட எனக்கு இஷ்டம் இல்ல. டாக்டர் என்ன சொன்னாரு? ஆவுடையும் அவ வீட்டுக்காரரும் நானும் உக்காந்திருக்கும்போது சொன்னாரு, "கரண்டும் வச்சுட்டா பெரும்பாலும் நல்லாயிரும்." நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியாத மனுஷன். பெரும்பாலும். இந்தப் பெரும்பாலும் எறங்காம அந்த முள்ளு மாதிரியே நிக்கி. அதுக்குள்ள ஒரு சிறும்பாலும் இருக்குல்லா, அந்தச் சின்ன இடத்துல யாரு போய் நிப்பா? யாரோ ஒருத்தி நிக்கத்தான செய்வா. ஏசி ஹால்ல அந்த ஆளு பெரும்பாலும்னு ஒரு தடவைகூடச் சொல்லல. கண்டிப்பான்னாரு. கண்டிப்பா குணமாகும், கண்டிப்பா வலிக்காது, கண்டிப்பா எரியாது. கிளாஸ்ல நான் நிகழ்தகவு நடத்துவேன், கண்டிப்பான்னு எவனாவது சொன்னா அவனை நம்பாதீங்கன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லுவேன், பெஞ்சைத் தட்டிச் சொல்லுவேன். அதே நான், அந்த ஹால்ல ஏசி குளிர்ல, கண்டிப்பாங்கிற வார்த்தையைக் கேட்டதும் கண்ணுல தண்ணி வந்து உக்காந்திருந்தேன். ஆவுடை அதைப் பாக்கல, ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு இருந்தா. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த மறுவாரம் அவ செஞ்ச வேலை என்ன தெரியுமா, தன்னோட ஜாக்கெட் அம்புட்டையும் எடுத்து இடது பக்கம் பிரிச்சு உள்ள பஞ்சு வச்சுத் தைச்சா. தைச்சுப் போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னால நின்னு, "அக்கா, எது அசலு எது டூப்பு, கண்டுபிடி" ன்னு கேட்டு சிரிச்சா. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதேன். கரண்டுக்கு மட்டும் ஏன்ட்டி இப்படிப் பயப்படுதன்னு கேட்டதுக்கு, "கத்தி கண்ணுக்குத் தெரியும்க்கா, ஊசி தெரியும். இது ஒண்ணுமே தெரியாது, தனியா ரூம்ல போட்டு எல்லாரும் வெளிய ஓடிருவாங்களாம். எல்லாரும் ஓடுத இடத்துல நான் மட்டும் படுத்துக் கெடக்கணுமா" ன்னா. அந்தக் கரண்டும் அலைதான், பக்கவாட்டுல ஆடுத ஒழுங்கான அலை, புஸ்தகத்துல இருக்க அலை, அதையும் நான் கண்ணால பாத்ததில்ல. பாக்காத ஒண்ணை நம்பு, பாக்காத இன்னொண்ணை நம்பாதன்னு அவகிட்ட எப்படிச் சொல்லுவேன், முள் அசஞ்சிட்ட பெறவு.

"மேடம்." ஒரு பிள்ளை வந்து நிக்கி. தலைல கறுப்பு முக்காடு, ஹால் டிக்கெட்ல செய்யதலி பாத்திமான்னு பேரு. ரீடிங் எடுத்ததும் எங்கிட்ட காட்டிக் கையெழுத்து வாங்கணும், அதுதான் முறை, கையெழுத்து இல்லாத ரீடிங் செல்லாது. இந்தப் பிள்ளைக்கு வந்தது ஸ்க்ரூ கேஜ் வச்சு கம்பியோட விட்டம் பாத்து மேல கணக்குப் போடுத சோதனை. வரிசையா எழுதியிருக்கா, எழுத்து அழகா இருக்கு. ஆனா எல்லாம் ஒரே அளவு கூடுதலா இருக்கு. இதைப் பாத்தா எந்த வாத்தியாருக்கும் கை தானா நிக்கும். இருவது வருஷமா இந்த நாற்காலில உக்காந்து நான் கேக்கிற கேள்வி, யோசிச்சா கேக்கேன், வாயி தானா கேக்கு. "ஸ்க்ரூ கேஜை எடுத்ததும் மொதல்ல என்னம்மா பாக்கணும்?" "கம்பியோட விட்டம் மேடம்." "அதுக்கு முன்னாடி?" கம்பிய நேராக்கணும் மேடம்ங்கா. "அதுக்கும் முன்னாடி?" முழிக்கா. ஞானதுரை சார் தூரத்துல இருந்து அவளுக்குக் கையைக் காட்டி என்னமோ சைகை பண்ணுதாரு, நான் பாத்தும் பாக்காத மாதிரி இருக்கேன். "கம்பியை வைக்கதுக்கு முன்னாடி பாக்கணும்மா. ஒண்ணும் வைக்காம வெறுசா மூடி, அப்ப அளவு என்ன காட்டுதுன்னு பாக்கணும். ஒண்ணுமே இல்லாதப்பவே அது கொஞ்சம் காட்டுனா, அந்தக் கொஞ்சத்தைக் கழிக்கணும். இல்லன்னா நீ எதை வச்சாலும்," எதை வச்சாலும், ன்னு சொன்னவ அங்கனயே நின்னுட்டேன். "மேடம்?" ங்கா அந்தப் பிள்ளை. எதை வச்சாலும். தகட்டை வச்சாலும், தள்ளி வச்சாலும். "நீ போயி மறுபடியும் எடு. டைம் இருக்கு. மொதல்ல ஒண்ணும் வைக்காம எடு" ன்னேன். என் குரலு எனக்கே வேற யாரோட குரலு மாதிரி கேட்டுது. நான் பெட்டியை அணைச்சுட்டு மீட்டரைப் பாக்கவே இல்ல. தூரமா வச்சேன், மறைச்சு வச்சேன், அணைக்க மட்டும் இல்ல. சுவிட்சு என் விரலுக்குக் கீழதான் இருந்துது. முதல் வருஷத்துப் பிள்ளை செய்யாம விட்டா அஞ்சு மார்க்கைக் கழிப்பேன், அதை நான் செய்யாம விட்டிருக்கேன். மறந்து விட்டேனா? மறதியா அது? அணைச்சும் முள் நின்னுதுன்னா அந்தப் பெட்டி செத்த பெட்டி. அது தெரிஞ்சிரும்னுதான் விரலு போகல. இருக்கணும்னு இருந்தேன் நான். அந்த அலை இருக்கணும், வலிக்காம எரியாம கண்டிப்பா ஒண்ணு இந்த உலகத்துல இருக்கணும், நான் நடத்துனதெல்லாம் பொய்யாப் போனாலும் போகட்டும், என் தங்கச்சி இருக்கணும்.

ஞானதுரை சார்கிட்ட ஒரு கம்பிச்சுருளும் மீட்டரும் கேட்டேன். "என்ன மேடம், புது எக்ஸ்பெரிமென்டா, சிலபஸ் மாத்தப் போறாங்களா" ன்னுக்கிட்டே எடுத்துக் குடுத்தாரு. மூலைல ஒரு டேபிள் சும்மா கெடந்துது, அதுல எங்க லேப்ல இருக்க மாதிரியே ஒரு எலிமினேட்டர் இருந்துது. கரண்டைக் குறைச்சு பேட்டரி மாதிரி குடுக்குமே, அந்த டப்பா. காலைல யாருக்கோ போட்டு விட்டது, அணைக்காம உர்ருன்னு ஓடிக்கிட்டு இருக்கு. இதே உர்ரு சத்தம் சனிக்கிழமையும் என் காதுல விழுந்துது. அதுக்குப் பக்கத்துல சுருளை வச்சு மீட்டரைக் கோத்தேன். பெட்டி என் நாற்காலிக்குக் கீழ பைக்குள்ள துண்டுக்குள்ள கெடக்கு, பிளக்கும் இல்ல ஒண்ணும் இல்ல. முள்ளைப் பாத்தேன். ஏறி நிக்கி. அதே மாதிரி லேசா நடுங்கிக்கிட்டு நிக்கி. பெட்டியை எடுத்து வந்து பக்கத்துல வச்சு பிளக்ல மாட்டி நீல விளக்கை எரிய விட்டேன். முள் அங்கனயேதான் நிக்கி, ஒரு கோடுகூட மாறல. அப்புறம் பெட்டியை எரிய விட்டுட்டு எலிமினேட்டரை மட்டும் அணைச்சேன். முள் எறங்குச்சு. எறங்கி, பூஜ்யத்துல போய் படுத்துட்டு. நீல விளக்கு பளிச்சுன்னு எரிஞ்சுக்கிட்டு இருக்கு, முள் படுத்துக் கெடக்கு. அன்னைக்கும் எங்க லேப்ல எலிமினேட்டர் ஓடிக்கிட்டுத்தான் இருந்திருக்கு, சுவர்ப் பக்கம், என் முழங்கைக்குப் பின்னால, சுருளு பிடிச்சது அதைத்தான். எனக்கு நிம்மதியாத்தான இருக்கணும்? இனிக் கொழப்பம் இல்லல்லா, பதில் கிடைச்சுட்டுல்லா. ஆனா மீட்டர் கண்ணாடில ஒரு சொட்டு விழுந்துது, அதை முந்தானையால தொடச்சேன். ஞானதுரை சார் பக்கத்துல வந்து நின்னு, "ரீடிங் வரலியா மேடம்? வேற மீட்டர் தரட்டுமா" ன்னாரு. இல்ல சார், சரியாத்தான் வருதுன்னேன்.

போன் அதிருது. எடுத்துக்கிட்டு வராண்டாவுக்கு வந்தேன். வெளிய நல்ல வெயிலு, சைக்கிள் ஸ்டாண்டுத் தகரம் கண்ணைக் கூசுது. "அக்கா, உக்காந்திருக்கேன். அடுத்தது என்னையத்தான் கூப்பிடுவாங்க. என்ன சொல்லுது உங்க பிசிக்ஸு?" "ஒத்துக்கலட்டி. அந்தப் பெட்டில ஒண்ணும் இல்ல, வெறும் லைட்டு. நான் பாத்துட்டேன்." "எப்பப் பாத்த?" ன்னா. "இப்பத்தான்." "அப்ப இந்த ஒரு வாரம்?" "தப்பாப் பாத்துட்டேன் ஆவுடை. மொதல்ல பாக்க வேண்டியதை விட்டுட்டேன்." "நெசமாவே அம்புட்டுத்தானா?" "அம்புட்டுத்தான். ஏன்ட்டி?" "நான் வேற நெனச்சுட்டேன்கா. அந்தப் பெட்டியை உன் முன்னால வச்சா நீ தூக்கிக் குப்பைல போடுவன்னு நெனச்சுத்தான் கொண்டாந்தேன். கிறுக்கச்சின்னு திட்டுவ, கழுத்தப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குத் தள்ளுவன்னு நெனச்சேன். நீ திட்டல. துண்டுல சுத்தி பத்திரமா உள்ள கொண்டுபோய் வச்ச. மறுநாளும் ஒண்ணும் சொல்லல. எனக்கு அன்னைக்கு ராத்திரியில இருந்து தூக்கமே இல்ல. இந்த வாயே இதுக்கு மூடிக்கிட்டுன்னா டாக்டர் இவகிட்ட தனியா என்னமோ சொல்லியிருக்காரு, எங்கிட்ட மறைக்கா, இனி எதுல படுத்தா என்னன்னு விட்டுட்டான்னு நெனச்சேன்." நான் முள்ளைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன், இவ என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கா. "ஒண்ணும் சொல்லலட்டி. உங்கிட்ட சொன்னதுதான் எங்கிட்டயும். பெரும்பாலும் நல்லாயிரும்னாரு." "பெரும்பாலும்னா?" "பெரும்பாலும்னா பெரும்பாலும்தான். அதுக்கு மேல எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனா கரண்டுல வார அலை நெசம். அதை உலகம் பூரா எத்தனையோ பேரு எத்தனையோ லேப்ல அளந்து பாத்தாச்சு, நான் சொல்லுதேன், போய்ப் படு. கரண்டு வைக்குத அன்னைக்கு எல்லாரும் வெளிய ஓடட்டும், நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிப்பேன்." "சரி" ன்னா. அப்புறம், "இனிமே திட்டணும்னா அன்னைக்கே திட்டிரு, என்ன" ன்னா. "காலைல என்னட்டி சாப்பிட்ட?" "ஒண்ணும் எறங்கலக்கா." "ஒண்ணும் சாப்பிடாமயா போய் உக்காந்திருக்க? அறிவு இருக்கா உனக்கு? மயக்கம் போட்டு விழுந்தா யாரு தூக்குவா, உன் வீட்டுக்காரருக்கு ஒரு தண்ணிக் கொடத்தைத் தூக்க வக்கில்ல, ஒரு இட்லி வாங்கிக் குடுக்கணும்னு அவருக்கும் தோணல, ரெண்டு பேரும் நல்லா சேந்தீங்க, போனை அவருகிட்ட குடு மொதல்ல." எனக்கு வாயி நிக்கல. வராண்டால போற பிள்ளைங்க எல்லாம் பயந்து ஒதுங்கிப் போகுதுங்க, நான் திட்டிக்கிட்டே இருக்கேன். அந்தப் பக்கம் ஆவுடை மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "ம், இன்னும் திட்டு" ன்னா. அவளுக்குப் பின்னால யாரோ அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க.